ஆடுகளம் கண்ட முன்னோடி: பல்வங்கர் பாலு

தன் முன்னோரை மறந்த சமுதாயம் தான் நடந்து வந்த வழியையும் மறந்துவிடும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், நம் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

மாலை வேளையில் பத்தமடைப் பக்கத்துத் திடல்களையும் அறுவடை முடிந்த வயல்களையும் பார்த்தால், நம் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக நிற்பதைக் காணலாம். கவாஸ்கர் முதல் இன்றைய வீரர் வரை பலருடைய பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்திய நாட்டின் முதற்பெரும் சுழற்பந்து வீச்சாளர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர். அவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவர். மைதானம் கூட்டும் வேலையில் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர். கடல் கடந்து சென்று ஆங்கிலேயரை அவர்தம் மண்ணிலேயே திணற அடித்தவர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர்.

பிறப்பும் இளமையும்

பாலு 1875-76 அளவில் தார்வாரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தாரின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பல்வண் என்னும் சிற்றூர். பல்வங்கர் என்னும் குடும்பப் பெயர் அவ்வூரால் அமைந்ததாகும். அவர்கள் தோல் தொழிலுக்கு உரியவர் என்று விதிக்கப்பட்ட சமார் குலத்தினர். ஊருக்குப் புறத்தே குடியிருப்பு, கோயிலுக்கு வெளியே வழிபாடு, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை என்று நம் பாட்டன்மார் அனுபவித்த அத்தனை கொடுமைகளும் அவர்களுக்கும் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் இராணுவம் ஒன்றே நம்மைப் போன்றோர்க்கு ஓரளவு கதவு திறந்திருந்தது. பாலுவின் தந்தையார் பூனா நகரில் இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். அதனால் பாலுவின் இளமைப் பருவம் பாசறைகளின் அருகிலேயே கழிந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் பயன்படுத்திக் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர். பயிற்றுநர் எவரும் அவர்களுக்கு இல்லை. பிறர் ஆடுவதைக் கண்டு கற்றதே அவர்தம் கல்வியாயிற்று.

நான்கு ரூபாய்ச் சம்பளம்

பாலுவின் முதல் வேலை, பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் மைதானத்தைக் கூட்டுவதும் உருளை இழுத்துத் தரையைச் சமப்படுத்துவதும் ஆகும். மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியருக்கு உரிய பூனா கழகத்துக்கு மாறினார். ஆங்கே சம்பளம் நான்கு ரூபாய். வலை கட்டுதல், கோடு போடுதல், உருளை இழுத்தல் ஆகியவற்றோடு, அழைத்தபோது வந்து வெள்ளைத் துரைமார்க்குப் பந்து வீசுதலும் அவர் கடமைகளுள் ஒன்றாயிற்று.

அக்கழகத்தில் கிரெய்க் என்னும் இராணுவத் தலைவர் இருந்தார். அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய மட்டையாளர்களுள் தலைசிறந்தவர் அவர். பிறர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லி அவர் பயிற்சி செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது உண்மையாயின், அவரை எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும்! வயிற்றுப்பாட்டோடு இணைந்த பயிற்சி எத்துணைக் கூர்மையைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாலு இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுபவர். பந்தை உயர எழுப்பி, மட்டையாளரை முன்னே வரத் தூண்டி, தரையில் பட்டதும் இரு புறமும் திருப்பும் வித்தை அவர் விரல்களுக்குக் கைவந்திருந்தது. அதே இடத்தில் நாள் முழுதும் பந்தை இறக்கும் பொறுமையும் அவருக்கு இருந்தது. ஆனால் மணிக்கணக்காகப் பந்து வீசிய அவருக்கு அக்கழகத்தார் மட்டை பிடிக்கும் வாய்ப்பை ஒருநாளும் நல்கவில்லை. பந்து வீசுதல் உழைப்பு. மட்டை பிடித்தல் கௌரவம். உழைப்பு ஒரு சாராருக்கும் கௌரவம் இன்னொரு சாராருக்கும் என்னும் நம் நாட்டுப் பழைய ஏற்பாடு கிரிக்கெட் மைதானத்திலும் கால் ஊன்றியிருந்தது.

மண் குவளை

பூனாவின் இந்துக்களும் ஒரு கிரிக்கெட் அணி அமைத்திருந்தனர். ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பது அவர்களுடைய பேராவல். வெல்வதற்கு உரிய பந்து வீச்சாளர் அவ்வூரிலேயே இருந்தார். அவரைச் சேர்ப்பதா, வேண்டாவா என்று பெரும் விவாதம் எழுந்தது. தெலுங்கு பேசும் உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றனர். மராத்திப் பிராமணருள் பலர் கூடாது என்றனர். இத்தகைய திறமையைப் பயன்படுத்தாமல் விடுவது இந்துக்களின் அறிவீனமே ஆகும் என்று கிரெய்க் கருத்துத் தெரிவித்தார். முடிவில் வெற்றி ஆசை சாதி வழக்கத்தை ஓரளவு வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

எந்த அளவு வென்றது என்பதே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி. ஆடுகளத்தில் பாலு தொட்ட பந்தை மற்றவர் தொட்டனர். ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் காட்சி மாறும். மற்ற ஆட்டக்காரர்கள் மண்டபத்தின் உள்ளே அமர்ந்து பீங்கான் கிண்ணங்களில் தேநீர் அருந்துவர். பாலுவுக்கு மண்டபத்தின் வெளியே, குடித்ததும் எறிந்துவிடத் தக்க மண் குவளையில் தேநீர் தரப்படும். அவர் முகம் கழுவ வேண்டுமாயின், அவர் குலத்தைச் சேர்ந்த பணியாள் ஒருவரே தண்ணீர் ஊற்ற வேண்டும். நண்பகல் உணவும் தனி இடத்தில், தனித் தட்டில்.

கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. விலங்கின் தோலைத் தொடுபவர் என்பதற்காகவே அவர் குலத்தைத் தீண்டத்தகாதது என்றனர். அந்தத் தோலினால் செய்த பந்தை நாள் முழுதும் தொட்டுத் தடவி ஆடியவர்களுக்கு, அதை வீசிய மனிதன் மட்டும் தீட்டானான். தீண்டாமைக்கு அறிவின்பால் பட்ட காரணம் எதுவும் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்செய்தியைப் படிக்கும் நம் பகுதி இளைஞர்கள் இது எங்கோ மராத்திய நாட்டில் நடந்தது என்று எண்ணிவிடலாகாது. நமக்கு மேற்கே அண்மையிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டு தொடங்கிய குருகுலத்தில், பிராமணச் சிறுவர்க்கும் பிறர்க்கும் தனித்தனிப் பந்தி வைக்கப்பட்டது என்பதே 1924-25ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே உலுக்கிய கிளர்ச்சிக்கு வித்தாயிற்று. நாட்டு விடுதலைக்கும் தேசியக் கல்விக்கும் என்று தொடங்கப்பட்ட இடத்திலேயே அந்நிலை என்றால், மற்ற இடங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தை நம் மூத்தோர் பலர் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். பூனாவின் மண் குவளையும் நம் நாட்டுத் தனிக் குவளையும் ஒரே சூளையில் வெந்தவையே.

பாலு அக்குவளையைக் கையில் ஏந்தி வெளியே நின்றார். இடைவேளை முடிந்ததும் உள்ளே சென்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனா இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். சதாராவிலிருந்த வெள்ளையர் கழகம், பாலுவின் பந்து திரும்பாதிருக்க வேண்டி ஒரு வாரக் காலம் உருளையிட்டுத் தரையை இறுக்கி வைத்தது என்பர். அத்தரையிலும் அவர் ஏழு பேரை வீழ்த்தித் தம் அணிக்கு வெற்றி தேடித் தந்தார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே போன்ற சீர்திருத்தப் பெரியோர், உடன் ஆடத் தக்கவர் உடன் உண்ணவும் தக்கவரே என்னும் கருத்தைப் பொது மேடையில் எடுத்துரைத்தனர். பாலகங்காதர திலகரும் அவரைப் பாராட்டினார். பாலுவின் விரல்கள் செய்த வேலை, மேடைப் பேச்சுகள் பலவும் செய்யாத வேலையாயிற்று.

பம்பாயில்

பிளேக் நோய் பூனாவைப் பீடித்த 1890-களின் பிற்பகுதியில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். ஆங்கே இரயில்வேயில் பணி கிடைத்தது. 1894ஆம் ஆண்டு தோன்றிய பம்பாய் இந்து ஜிம்கானாவின் அணியிலும் இடம் கிடைத்தது. தம்பி சிவராமும் அவ்வணியில் சேர்ந்தார். பின்னர் கணபத், விட்டல் என்னும் இளைய தம்பியரும் சேர்ந்தனர். ஒரே வீட்டில் பிறந்த நால்வர் ஒரு பெருநகரின் முதன்மை அணியில் ஆடியது அரிய நிகழ்ச்சியன்றோ? பெருநகரத்தின் காற்று பூனாவினும் சற்று இலேசாக இருந்தது. உடன் ஆடியோரோடு ஒன்றாக உண்ணும் நிலை அங்கே மெல்ல மெல்ல அமைந்தது.

1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்டங்களில் ஆள்வோர் தோற்றனர், ஆளப்பட்டோர் வென்றனர். பாலுவின் பந்து வீச்சு அவ்வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தது. நாடே களிகொண்ட அந்நாளில், வெற்றி தேடித் தந்தவருள் ஒருவர் தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவர் என்பதை எண்ணிப் பார்த்த பத்திரிகைகளும் இருந்தன. சாதி என்னும் தளையைத் தளர்த்தினால் நாடு எத்துணை வலுப்பெறும் என்பதற்கு அவ்வாட்டத்தை அவை எடுத்துக்காட்டாகக் காட்டின.

1907ஆம் ஆண்டு பார்சிகளும் சேர்ந்து முத்தரப்புப் போட்டியாகவும், 1912ஆம் ஆண்டு முஸ்லிம்களும் சேர்ந்து நாற்றரப்புப் போட்டியாகவும் பம்பாய்ப் போட்டி வளர்ந்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1932ஆம் ஆண்டும், ரஞ்சிக் கோப்பைப் போட்டி 1934ஆம் ஆண்டும் வந்தவை. அவற்றிற்கு முன், இந்திய நாட்டின் மாபெரும் கிரிக்கெட் விழாவாக விளங்கியது இதுவே. சமயவாரியாகப் பிரிந்து ஆடும் அம்முறை குறைபாடுடையதே. 1946ஆம் ஆண்டோடு அது மறைந்தது. ஆயினும் பாலு தம் ஆற்றலை நாட்டுக்குக் காட்டியது அக்களத்தில்தான்.

இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டு முதன்முதலாக அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றது. அணித் தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நிகழ்ந்த ஆண்டு அது. ஆதலின் மகாராஜா விருந்துகளிலும் விழாக்களிலும் காலம் கழித்து, ஒரு சில ஆட்டங்களிலேயே கலந்துகொண்டார். அணியின் பாரத்தைச் சுமந்தவர் முப்பத்தைந்து வயதான பாலு. தோள் வலியோடு அவர் அப்பயணம் முழுவதும் பந்து வீசினார்.

அந்த அணி மொத்தம் 23 ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 6, தோற்றவை 15, முடிவு காணாதவை 2. அணியின் நிலை இதுவாயினும் பாலுவின் நிலை வேறு. அவர் மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். லீஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக இரு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட்டுகள். லீஸ்டர்ஷயரை இந்திய அணி வென்றதும் அவ்வாட்டத்திலேதான். சாமர்செட் அணியோடு நடந்த ஆட்டத்தில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்து, ஒரே விக்கெட் வேறுபாட்டில் வெற்றி தேடித் தந்தார். கூட்டப் பிறந்தவர் என்று கருதப்பட்டவரின் கைவண்ணத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் வாயாரப் புகழ்ந்தன.

பாலு தாயகம் திரும்பியதும் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் விழா எடுத்து அவரை வரவேற்றனர். அவ்விழாவின் வரவேற்பிதழில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று கொண்டிருந்த ஓர் இருபது வயது இளைஞரின் பங்கு இருந்தது என்று வரலாற்று ஆசிரியர் குறிப்பர். அவ்விளைஞரே பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கர் என்று உலகம் போற்ற நின்றவர். பாடப் புத்தகத்தில் வீரரைத் தேடி அலைய வேண்டாத வண்ணம், தம்மில் ஒருவரே வீரராக நிற்கக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அம்பேத்கர். பாலுவின் புகழ் நம் மக்களுக்கு ஊட்டிய தன்னம்பிக்கையை இதனால் நன்கு உணரலாம்.

தலைமை யாருக்கு?

முதல் தர ஆட்டங்கள் 33இல் பாலு 179 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டங்கள் 15.21. இத்தகைய ஒருவர், தம் அணியின் மூத்த ஆட்டக்காரரும் ஆனவர், தலைவராக வேண்டியது இயல்பு. ஆயினும் ஆண்டுதோறும் அப்பதவி அவரைக் கடந்தே சென்றது. 1913ஆம் ஆண்டு தலைவராக அமர்ந்த எம். டி. பை என்னும் பிராமண வீரர், அப்பெருமை மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று தமக்கு எடுக்கப்பட்ட விழாவிலேயே மனம் திறந்து கூறினார். கூறியவர் நேர்மையாளர். ஆயினும் பதவியைத் தரும் இடத்தில் இருந்தோர் அசையவில்லை. பாலுவின் வீச்சு அவர்களுக்கு வேண்டும்; பாலுவின் கட்டளை வேண்டா.

1920ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. பை நோயுற்றிருந்த காரணத்தால் முதல் ஆட்டத்துக்கு வேறொருவர் தலைவராக்கப்பட்டார். தலைமைக்கு உரிமை படைத்த பல்வங்கர் சகோதரர்கள் புறக்கணிக்கப்பட்டனர். பாலுவோ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். நால்வருள் ஒருவரான கணபத் அவ்வாண்டு மறைந்துவிட்டார். துக்கமும் அவமதிப்பும் ஒருங்கே வந்த வேளையில், சிவராமும் விட்டலும் ஒரு முடிவுக்கு வந்தனர். ஆட மறுத்து அணியிலிருந்து விலகினர். அவ்வளவோடு நில்லாமல், விலகிய காரணத்தை வெளிப்படையாக அறிக்கை வாயிலாகப் பொதுமக்கள் முன் வைத்தனர். ஆற்றலும் மூப்புமே தலைமைக்கு அளவுகோல் ஆக வேண்டும், சாதி ஆகலாகாது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

நம் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பாலு தம் திறமை ஒன்றையே பேச விட்டார். அத்திறமை அவருக்கு மைதானத்தின் வாயிலைத் திறந்தது. உணவு மேசையின் வாயிலையும் ஓரளவு திறந்தது. தலைமையின் வாயிலை மட்டும் அது திறக்கவில்லை. அவ்வாயிலைத் தட்டியது, திறமை படைத்தவர்கள் ஒன்றுபட்டு நின்று மறுத்த மறுப்பு. பொதுமக்கள் சகோதரர்களின் பக்கம் நின்றனர். பார்சிகளோடு நடந்த இறுதி ஆட்டத்தில் பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத் தலைவராக்கப்பட்டார். தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு வெளியே சென்று, பாலு அணியை நடத்த வழிவிட்டார். பாலுவின் ஆட்ட வாழ்வில் அவருக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே.

அவர் விதைத்ததைத் தம்பி அறுவடை செய்தார். 1923ஆம் ஆண்டு விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றியபோது, உயர்சாதியினர் எனப்பட்டோரே விட்டலைத் தோளில் சுமந்து சென்றனர். தொட்டால் தீட்டு என்று விலக்கப்பட்ட உடல் தோள் மீது ஏறியது! விட்டல் தலைமையில் 1925, 1926ஆம் ஆண்டுகளிலும் அவ்வணி வெற்றி வாகை சூடியது.

உலக வரலாற்றில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டம் பெரும் செல்வாக்கு உடையது. அதன் முதன்மைப் போட்டிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறுப்பினத்தார் சேர்க்கப்படாதிருந்தனர். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக ஆடி அச்சுவரைத் தகர்த்தார். அவர் அணிந்த 42 என்னும் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என்று 1997ஆம் ஆண்டு எல்லா அணிகளும் முடிவு செய்தன. ராபின்சனுக்கு அரை நூற்றாண்டு முன்னரே பாலு நம் நாட்டில் அத்தகைய சுவரைத் தாண்டினார். ஆனால் ராபின்சனின் பெயரை அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் அறிவர். பாலுவின் பெயரை நம் சிறுவர் அறியார். வரலாற்றை எழுதும் கை நம்முடையதாக இல்லாவிடின் விளைவு இதுவே. கல்விச் சங்கங்களின் தேவைக்கு இதனினும் வலிய காரணம் கூற இயலாது.

அரசியல் களத்தில்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பாலு பொது வாழ்வில் ஈடுபட்டார். இப்பகுதியை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது. அண்ணல் அம்பேத்கருக்கும் அவருக்கும் ஒருகாலத்தில் நெருங்கிய மதிப்பு இருந்தது. பின்னர் இருவரும் வேறு வேறு பாதையில் சென்றனர். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் வட்ட மேசை மாநாட்டில் வாதாடினார். நம் இரட்டைமலை சீனிவாசனார் அங்கு அவருக்குத் தோள் கொடுத்தார். பாலுவோ, சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார்.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கில அரசு தனித் தொகுதியை அறிவித்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் செப்டம்பர் 20ஆம் நாள் எரவாடாச் சிறையில் உண்ணா நோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி கைவிடப்பட்டது. மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கீட்டு இடங்கள் 148 ஆக உயர்ந்தன. அவ்வொப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரின் கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் காணப்படுகிறது. நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு உருளை இழுத்த அதே பூனா நகரத்தில், நாட்டின் தலைவிதியைப் பற்றிய ஆவணத்தில் அவர் கையெழுத்திட்டார் என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது.

1935ஆம் ஆண்டு அம்பேத்கர் இந்து சமயத்தை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்தபோது பாலு அதனை ஏற்கவில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாய்ச் சட்டசபைக்கு அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு அவரை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். நம் சமுதாயத்தின் இரு பெருமக்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்க நேர்ந்தது வருந்தத் தக்கதே. எனினும் இருவர் நிலையையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பாலு கண்ட உலகம் ஆடுகளம். மண் குவளை கொடுத்தவர்களே பின்னாளில் உடன் அமர்ந்து உண்டதையும், தலைமை மறுத்தவர்களே தம்பியைத் தோளில் தூக்கியதையும் அவர் கண்ணாரக் கண்டார். ஆதலின் உடன் இருந்து மாற்றலாம் என்று நம்பினார். அம்பேத்கர் கண்ட உலகமோ ஆடுகளத்துக்கு வெளியே இருந்தது. ஒரு பாலு உள்ளே சென்றார். உள்ளே செல்ல இயலாமல் நின்ற கோடிக்கணக்கானோர்க்கு வழி என்ன என்பதே அவருடைய வினா. அனைவரும் பாலுவைப் போல் பந்து வீச இயலுமா? பந்து வீச இயலாதவன் மனிதன் இல்லையா? தேநீர் அருந்துவதற்கு ஒருவன் முதலில் ஏழு விக்கெட்டுகள் வீழ்த்திக் காட்ட வேண்டுமா? உரிமை என்பது திறமைக்குக் கிடைக்கும் பரிசாக இருத்தல் கூடாது. பிறந்த அனைவர்க்கும் சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். காலம் அம்பேத்கரின் வினாவையே பெரிதாக்கிக் காட்டியது என்பது என் துணிபு.

மறைவும் நாம் கொள்ள வேண்டிய பாடமும்

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொது உணவு விடுதிகளில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த ஒருவரைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. 1955ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அதாவது அச்சட்டம் வந்து சற்றேறக்குறைய ஒரு மாதம் கழித்து, பல்வங்கர் பாலு பம்பாயில் இயற்கை எய்தினார். இளமையில் அவர் கையில் திணிக்கப்பட்ட மண் குவளை, அவர் கண் மூடும் முன் நாட்டின் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. அக்குவளையை உடைத்ததில் அவருடைய விரல்களுக்கும் பங்கு உண்டு. அம்பேத்கரின் எழுதுகோலுக்கும் பங்கு உண்டு.

சட்டம் வந்தமையால் வழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. நம் கண்களும் செவிகளும் திறந்தே இருக்கின்றன. ஆயினும் பாலுவுக்கு இல்லாத இரண்டு கருவிகள் நம் இளைஞர்க்கு உள்ளன. ஒன்று சட்டம், மற்றொன்று கல்வி. பாலுவிடமிருந்து நாம் கொள்ள வேண்டியவையும் இரண்டு. எடுத்த தொழிலில் எவரும் குறை கூற இயலாத அளவு தேர்ச்சி பெறுதல் ஒன்று. அத்தேர்ச்சிக்கு உரிய இடம் மறுக்கப்படுமாயின், 1920ஆம் ஆண்டு அச்சகோதரர்கள் செய்தவாறு, ஒன்றுபட்டு நின்று காரணத்தை ஊரறியக் கூறி மறுத்தல் மற்றொன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவது வலுப்பெறாது. இரண்டாவது இல்லாமல் முதலாவது பிறருக்கே பயன்படும்.

இன்று மாலை நம் பிள்ளைகள் பத்தமடைத் திடலில் பந்தைக் கையில் எடுக்கும்போது, மூத்தோர் எவரேனும் அவர்கள் அருகே சென்று பல்வங்கர் பாலுவின் கதையைச் சொல்வாராக. அதனைக் கேட்டு வளரும் சிறுவன் ஆடுகளத்தில் தலைநிமிர்ந்து நிற்பான். பள்ளியிலும் அலுவலகத்திலும் பொது மன்றத்திலும் அவ்வாறே நிற்பான். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் அரும்பாடுபட்டு வருவதும் அந்நிமிர்வுக்காகவே.